அடுப்படியில் மலை உச்சி

26 ஜூன் 2011, ஞாயிறு

மூடிக்கிடக்கும் சுரங்கக் கம்பெனி ஆபீசைப் பழைய இரும்புக்காரன் ஏலத்தில் எடுத்துக் காலி செய்துகொண்டிருந்தான். வேடிக்கை பார்க்கப் போனேன். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்தப் பழைய வரைபடம். 1913இல் வெள்ளைக்காரன் அச்சடித்தது. இந்த வட்டாரத்து இரும்புக்கல் கரடு, குன்று அத்தனையும் அதில் உண்டு. டம்பர் லாரி டிரைவராகச் சம்பள வரிசையில் நின்ற காலமெல்லாம் அதைப் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் படித்ததில்லை. கண்ணாடி மட்டும் தனக்குப் போதும் என்றான் இரும்புக்காரன். படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பாவாயி சமையலறை ஜன்னலை அடைக்க ஆகும் என்றாள். முப்பது வருடம் குடும்பம் நடத்தியும் இவளுக்கு ரசனை வரவில்லை.

தரையில் விரித்துப் பார்த்தேன். ஊமைக்கரடு நறுக்கிய வெங்காயம் மாதிரி வளையம் வளையமாக இருக்கிறது. ஒவ்வொரு வளையமும் ஓர் உயரம். நடுவில் எல்லாவற்றிலும் சின்ன வளையம், பக்கத்தில் 1704 அடி என்று எண், ஒரு கோயில் குறி. அதுதான் உச்சி. ஊமைக்கரடு இப்போது இல்லை. கம்பெனி இருபது வருடம் வெட்டி ரயிலேற்றிவிட்டது. உச்சியில் இருந்த சாமி கரட்டப்பனை அப்போதே ரோட்டோரம் இறக்கிவைத்தார்கள். மலை போன இடத்தில் பாதி பள்ளம், பாதி கட்டாந்தரை. கட்டாந்தரையில் எங்கள் காலனி.

கிணற்றையும் முச்சந்தியையும் அடையாளம் வைத்து அளந்து பார்த்தேன். அந்தச் சின்ன வளையம் விழுவது எங்கள் சமையலறையில். இன்னும் சரியாகச் சொன்னால் அடுப்பின் மேல்.

பாவாயியைக் கூப்பிட்டு, நீ தினமும் மலை உச்சியில்தான் சோறு வடிக்கிறாய் என்றேன். அதனால்தான் கேஸ் சீக்கிரம் தீர்கிறதோ என்று கேட்டாள்.

4 ஜூலை, திங்கள்

கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள். காலனிக்கு பஸ் கேட்டு ஏழாவது தடவையாக மனு. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, எங்கள் காலனி பதிவிலேயே இல்லை என்றான். அந்த இடத்தில் மலைதான் இருக்கிறதாம். எட்டிப் பார்த்தேன். என் வீட்டுத் தரையில் கிடக்கிற அதே 1913 படத்தைத்தான் அவர்களும் கம்ப்யூட்டருக்குள் போட்டு வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு யாரும் அளக்கவில்லையாம்.

எனக்கு வந்ததே கோபம். "அப்ப மலைக்கு விடற பஸ்ஸ விடுங்க. மலை மேல குடியிருக்கறவனுக்கு ஒண்ணுமே இல்லையா?" என்று கத்தினேன். பையன் மரியாதையாக அதை எழுதிக்கொண்டான்.

25 ஜூலை, திங்கள்

பதிவுத் தபாலில் சான்றிதழ் வந்திருக்கிறது. திரு. தீர்த்தகிரி ஆகிய நான் ஊமைக்கரடு மலையின் உச்சியில் குடியிருந்து வருவது வரைபடத்தின்படி உறுதி செய்யப்படுகிறதாம். பச்சை மையில் கையெழுத்து, வட்ட முத்திரை. மூன்று முறை படித்தேன். கண்ணாடிச் சட்டம் போட வேண்டும். இரும்புக்காரன் கண்ணாடியைக் கொடுத்திருக்கலாம்.

9 ஆகஸ்ட், செவ்வாய்

பஸ் வந்துவிட்டது! மலைப்பாதை லைசென்ஸ் உள்ள டிரைவரைத்தான் போட வேண்டுமாம், போட்டிருக்கிறார்கள். அவர் விதிப்படி முச்சந்தியிலிருந்து எங்கள் காலனி வரைக்கும் இரண்டாவது கியரிலேயே வருகிறார். ரோடு சப்பாத்திப் பலகை மாதிரி கிடக்கிறது. ஆனாலும் மஞ்சள் போர்டு நட்டு, கொண்டை ஊசி வளைவு என்று எழுதிவிட்டார்கள். அந்த இடம் வந்ததும் அவர் ஹாரன் அடிக்கிறார். பஸ்ஸில் ஒரு கிழவி வாந்தி எடுத்தாள்.

காலனியே என்னைக் கும்பிடுகிறது.

சின்ன அறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். மகள் சுகந்தி பிரசவத்துக்கு வருகிறாள் என்பதற்காக அல்ல. சுவர் பார்க்கச் சகிக்கவில்லை. உத்தரத்தில் ஒரு கொக்கியும் மாட்டினேன். தொட்டில் கட்டலாம், அல்லது வேறு எதாவது தொங்கவிடலாம்.

13 ஆகஸ்ட், சனி

பௌர்ணமி. கரட்டப்பனைக் கும்பிட்டுவிட்டு எல்லோரும் மலையைச் சுற்றினோம். மலை இல்லை, அதற்காகச் சுற்றுவதை விட முடியுமா? பள்ளத்தையும் காலனியையும் சேர்த்துச் சுற்றிவருவோம். சம்பந்தி அங்கமுத்துவும் புதுமேட்டிலிருந்து வந்திருந்தார். பள்ளத்துக்கு அந்தப்பக்கம் வீடு, தறி ஓட்டுகிறார். வெறுங்காலோடு, வாயில் ஒரு வார்த்தை இல்லாமல் நடக்கிற மனிதர். சாஸ்திரம் என்றால் நகம் வெட்டுவதற்கும் கிழமை பார்ப்பார்.

நான் சட்டைப்பையில் சான்றிதழின் ஜெராக்ஸை வைத்திருந்தேன். காட்டினேன். தெருவிளக்கின் கீழே நின்று மெதுவாகப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். நடையைக் கட்டினார். பொறாமை.

11 செப்டம்பர், ஞாயிறு

பேனா தாளைக் கிழிக்கிறது.

இன்று சுகந்திக்கு வளைகாப்பு. தலைப்பிரசவம். வளையல் போட்டு நலங்கு வைத்துக் கையோடு பெண்ணை அம்மா வீட்டுக்குக் கூட்டிவருவதுதானே முறை. ஏழு வகைச் சோறு, சீர்த்தட்டு எல்லாம் எடுத்துக்கொண்டு புதுமேடு போனோம். பஸ் நிற்கிற முக்கிலிருந்து அவர்கள் வீட்டுக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு போவதற்குள் எனக்கு முட்டி கழன்றுவிட்டது. பாவாயி பழத்தை அளவுக்கு மேல் அடுக்கிவிட்டாள்.

எல்லாம் நல்லபடியாக நடந்தது. சுகந்தி இரண்டு கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்தாள். சின்னப் பிள்ளையில் வளையல்காரன் பின்னால் ஓடிய அதே முகம். பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது சம்பந்தி வாசலில் நின்றார்.

"மன்னிச்சுக்குங்க சம்பந்தி. மாசமா இருக்கற பொண்ணு மலை ஏறக்கூடாது. என் பையனும் ஏறக்கூடாது. புள்ள பொறந்தப்பறம் வருவாங்க."

எந்த மலை என்று கேட்டேன். "நீங்கதான காட்டுனீங்க, கவர்மெண்டு பேப்பர," என்றார்.

சுகந்தி என்னைப் பார்த்தாள். சின்னப் பிள்ளையில் அவள் பல்பத்தை நான் மிதித்து உடைத்தபோது பார்த்த அதே பார்வை. பாவாயி பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள். கொண்டை ஊசி வளைவில் டிரைவர் ஹாரன் அடித்தார். எழுந்துபோய் அவரை அறையலாம் போலிருந்தது.

12 செப்டம்பர், திங்கள்

பௌர்ணமி. போகவில்லை. கால் வலி.

19 செப்டம்பர், திங்கள்

ஆபீசுக்குப் போய், சான்றிதழை ரத்து செய்யுங்கள், அங்கே மலை இல்லை என்றேன். அதே பையன். இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டான். தம்பி, நான் அங்கேதான் தூங்குகிறேன் என்றேன். மலை உச்சியில் தூங்குகிறவருக்கு மலை தெரியாது, தூரத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும் என்று எனக்கே பாடம் நடத்தினான். கடைசியில் ரத்து மனுவை வாங்கிக்கொண்டான். சர்வேயர் நேரில் வந்து பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

27 செப்டம்பர், செவ்வாய்

சர்வேயர் நவநீதன் வந்தார். நல்ல பையன். முச்சந்திப் பெட்டிக்கடை வரை பைக்கில் வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். கையில் படம், படத்தில் விரல். முதல் வளையம் கடைக்கு அந்தப்பக்கம் ஆரம்பிக்கிறது.

"தப்பா நெனச்சுக்காதீங்கய்யா. வீட்டுல அஞ்சு மாசம். நான் மலை ஏறக்கூடாது."

அங்கிருந்தே பாருங்கள், தரை தெரிகிறதா என்றேன். தெரிகிறது என்றார். அப்படியானால் மலை இல்லை என்று எழுதுங்கள் என்றேன். அதற்கு அவர், மலை இல்லை என்று எழுத வேண்டுமானால் மேலே ஏறிப் பார்த்துத்தான் எழுத முடியும், அதுதான் விதி என்றார். பிப்ரவரியில் குழந்தை பிறந்ததும் முதல் வேலையாக வருகிறாராம். சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். வேறென்ன செய்ய?

2 அக்டோபர், ஞாயிறு

சம்பந்தியை வற்புறுத்தி வீட்டுக்கு வரவழைத்தேன். வந்து கண்ணால் பாருங்கள், அப்புறம் பேசுங்கள் என்று போனில் சொன்னேன். மேஸ்திரியிடம் ரசமட்டம் இரவல் வாங்கித் தயாராக வைத்திருந்தேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தவர் வாசலில் நின்று இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சமதரையில் நடந்து வந்தவருக்கு என்ன மூச்சு? என் வீட்டு வாசலில் எனக்கே நாடகம். தண்ணீர் கேட்டார். குழாய் அங்கே இருக்கிறது என்று கையைக் காட்டினேன். பாவாயி வெளியே ஓடி வந்து என்னை முறைத்துவிட்டு ஒரு சொம்பு கொடுத்தாள்.

அடுப்பங்கரைத் தரையில் ரசமட்டத்தை வைத்தேன். குமிழி நட்டநடுவில் நின்றது. ஒரு எலுமிச்சம்பழத்தையும் வைத்தேன். அசையவில்லை. பாருங்கள் என்றேன். குனிந்து பார்த்தார். "உச்சின்னா மட்டமாத்தான் இருக்கும்," என்றார்.

அந்த எலுமிச்சம்பழத்தையே ரசத்துக்குப் பிழிந்தாள் பாவாயி. புளித்தது.

12 அக்டோபர், புதன்

பௌர்ணமி. இன்றைக்குச் சம்பந்தியை நாலு பேர் முன்னால் கேட்டுவிடுவது என்று போனேன். பாதி வழியில் பிடித்தேன். இல்லாத மலையைக் காட்டி என் பெண்ணை அடைத்து வைத்திருக்கிறீர்களே, நியாயமா என்று கேட்டேன். அவர் நடையை நிறுத்தவில்லை.

"சுத்தறதுக்கு மலை இருக்குது, ஏறறதுக்கு மட்டும் இல்லையா சம்பந்தி?"

குனிந்து பார்த்தேன். என் காலில் செருப்பு இல்லை, கையில் சூடத்தட்டு. நானும்தானே சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

கொஞ்ச தூரம் போனதும் அவராகவே பேசினார். மேகம் நிலாவை மூடியிருந்தது, முகம் தெரியவில்லை. கல்யாணமான புதிதில் கார்த்திகைத் தீபத்துக்கு அவரும் சம்சாரமும் ஊமைக்கரட்டில் ஏறினார்களாம். அந்தம்மாவுக்கு ஆறாவது மாதம். அப்போது மலை முழுசாக இருந்த காலம். பெரியவர்கள் வேண்டாம் என்றார்களாம், இவர்தான் ஒன்றும் ஆகாது வா என்றாராம். "மொதப் புள்ளைய அங்கதான் தொலைச்சோம். நான்தான் கூட்டிட்டுப் போனேன்," என்றார். அவ்வளவுதான். முன்னால் நடந்துபோய்விட்டார்.

அவர் மேல் கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வரவில்லை. இந்தச் சான்றிதழை வாங்கி அதை ஜெராக்ஸ் வேறு எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

24 அக்டோபர், திங்கள்

சுகந்தி போன் செய்தாள். அம்மா வைக்கிற மிளகு ரசம் வேண்டுமாம். அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. எனக்குப் பேச முடியவில்லை, பாவாயி மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள், புகை.

மிளகாய் வறுக்கவில்லையே என்று பாவாயி பிற்பாடு கேட்டாள். இவளுக்கு எல்லாம் தெரிய வேண்டும்.

30 அக்டோபர், ஞாயிறு

தூக்குவாளியில் ரசத்தை எடுத்துக்கொண்டு புதுமேடு போனேன். மழை விட்டிருந்தது, மண் வழுக்கியது. முக்கிலிருந்து அவர்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். வயசாகிவிட்டது, வேறென்ன. கீழே குழாயடியில் சுகந்தி நின்றுகொண்டிருந்தாள். அவர்கள் வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் ஏறாதாம். அவள் குடத்தை நான் வாங்கிக்கொண்டேன், அதற்கும் சேர்த்து மூச்சு வாங்கியது.

அவள் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஏம்ப்பா இப்படி இரைக்கிறது என்று கேட்டாள். வயசு என்றேன். "வயசா?" என்றாள். நின்று திரும்பிக் குழாயடியைப் பார்த்தாள். அங்கிருந்து வீட்டைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். ரசம் கிடைத்த சந்தோஷம் போலிருக்கிறது.

7 நவம்பர், திங்கள்

காலை பஸ்ஸில் சுகந்தி வந்து இறங்கினாள்! கையில் பை, பின்னால் பெட்டியோடு மாப்பிள்ளை லோகநாதன், அவருக்கும் பின்னால் வேட்டியை மடித்துக் கட்டியபடி சம்பந்தி. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. தாயி, நில்லு, ஏறாத என்று கொண்டை ஊசி போர்டிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டு வந்தார். காலனி முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது.

சுகந்தி நடு ரோட்டில் நின்று வயிற்றில் கை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"நான் ஏறல மாமா. எறங்கி வந்திருக்கேன்."

சம்பந்திக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அவள் என்னிடம் திரும்பினாள். அப்பா, நீ டம்பர் ஓட்டினாயே, இரும்பு ரயிலேறியது போக மிச்சக் கல்லும் மண்ணும் எங்கே கொட்டினாய் என்று எல்லார் முன்னாலும் கேட்டாள்.

எங்கே கொட்டினேன்? பள்ளத்துக்கு அந்தப்பக்கம் இருந்த சோளக்காட்டில். நானும் இன்னும் இருபது டிரைவர்களும் மூன்று ஷிப்ட்டாகக் கொட்டினோம். மேலே மேலே கொட்டி, பிறகு வேப்பங்கன்று நட்டு, பல வருடம் கழித்து மனை பிரித்தார்கள். அதுதான் புதுமேடு. 1913 படத்தில் அங்கே வெறும் சோளக்காடு, ஒரு வளையம்கூடக் கிடையாது. அதனால் நான் அதை மலை என்று நினைக்கவே இல்லை. ஏறும்போதெல்லாம் பழத்தையும் முட்டியையும் வயசையும் திட்டினேன். நானே கொட்டிய மலை!

"ஊமைக்கரடு இங்க இல்ல மாமா. உங்க வீட்டுக்கு அடியில இருக்குது. தெனம் தண்ணிக் கொடத்தோட ஏறிட்டிருந்தேனே, அது என்னங்க?"

சம்பந்தி அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். எட்டு மாசமா, எட்டு மாசமா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டதும் சுகந்தி பையைக் கீழே வைத்தாள். பக்கத்தில் போய் அவர் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். "ஒண்ணும் ஆகல மாமா. பாருங்க, ஒதைக்குது," என்றாள். அவர் அழுதார். நானும் எதற்கோ கண்ணைத் துடைத்தேன். புகை எதுவும் இல்லை, எழுதிவைக்கிறேன்.

கொஞ்ச நேரம் கழித்துச் சம்பந்தி எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எறங்கிட்ட இல்ல? இனி புள்ள பொறக்கற வரைக்கும் ஏறாத," என்றார். பிறகு மகனைப் பார்த்தார். "நீயுந்தான்."

8 நவம்பர், செவ்வாய்

மாப்பிள்ளை இங்கேயே தங்குகிறார். கர்ப்பிணியின் புருஷன் மலை ஏறக்கூடாதே, வீட்டுக்கு எப்படிப் போவார்? இதை நான் யோசிக்கவில்லை.

9 நவம்பர், புதன்

மாப்பிள்ளைக்குக் காலையில் எட்டு இட்லி. குறட்டையில் உத்தரத்துக் கொக்கி ஆடுகிறது. டி.வி. ரிமோட் இனி என் கையில் இல்லை.

10 நவம்பர், வியாழன்

பௌர்ணமி. சம்பந்தி வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று கவலைப்பட்டு விசாரித்தேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறதாம். கரட்டப்பன் மலையின் கல்லும் மண்ணும் அடியில் இருக்கும்போது அதன் மேல் படுத்துத் தூங்கியிருக்கிறோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, சூடத்தட்டோடு புதுமேட்டைச் சுற்றுகிறாராம். அந்தப்பக்கத்து ஜனம் பாதி அவர் பின்னால் போய்விட்டது. நாங்கள் பழையபடி இந்தப்பக்கம் சுற்றினோம். எதிர்க்கரையில் சூட வெளிச்சம் வரிசையாகப் போவது பள்ளத்துத் தண்ணீரில் தெரிந்தது.

21 நவம்பர், திங்கள்

ரத்து மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பஸ் வேண்டுமே. பையன் கேட்டான், மலை திரும்ப வந்துவிட்டதா என்று. வந்துவிட்டது என்றேன்.

3 டிசம்பர், சனி

பெண் குழந்தை. டவுன் ஆஸ்பத்திரியில், விடிகாலை. தாயும் சேயும் சுகம். என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மூக்கு என் மூக்கு. பாவாயி மறுக்கிறாள்.

8 டிசம்பர், வியாழன்

கார்த்திகைத் தீபம். ஆஸ்பத்திரியிலிருந்து நேற்றே வந்துவிட்டார்கள். தொட்டில் கொக்கியில் ஆடுகிறது. ஊர்க்காரர்கள் வந்து, படத்தின்படி உச்சி இங்கேதானே என்று ஒரு அகல்விளக்கை எங்கள் அடுப்பு மேடையில் ஏற்றிவிட்டுப் போனார்கள். பாவாயி அதைத் தள்ளிவைத்துவிட்டுப் பால் காய்ச்சினாள்.

பொழுது சாய்ந்து சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் பேத்தியைப் பார்க்க வந்தார்கள். அவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கியபோதே நான் எட்டிப் பார்த்தேன். அந்தம்மாவின் கையை இவர் பிடித்துக்கொண்டிருந்தார். பார்த்துப் பார்த்து ஒவ்வொரு அடியாக வைத்து வந்தார்கள். போர்டுக்குப் பக்கத்தில் ஒருதடவை நின்றார்கள். வாசலுக்கு வந்தபோது இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. அந்தம்மா இந்தப்பக்கம் வருவது கல்யாணமான புதிதில் ஏறிய அந்தக் கார்த்திகைக்குப் பிறகு இதுதான் முதல் தடவையாம்.

நான் உள்ளே போய்ப் பெரிய சொம்பில் தண்ணீர் மொண்டு வந்தேன். பாவாயி சொல்லி அல்ல, நானாகத்தான்.

"உக்காருங்க சம்பந்தி. ஏத்தம் ஜாஸ்தி. மெதுவா குடிங்க, அப்பறமா கொழந்தையத் தூக்கலாம்."

இரண்டு பேரும் குடித்தார்கள். நான் பக்கத்தில் நின்று விசிறினேன்.